ஸ்னோமொபைல் டிரைவ் ஷாஃப்ட் பேரிங்: கிரீஸா, புதுசா?
கனடாவில் பனி உருகி, பனிமேல் ஓடும் வண்டியான ஸ்னோமொபைலை ஷெட்டில் ஏற்றும்போது இந்தக் கேள்வி வரும்: டிராக்கை (அடியில் சுழலும் ரப்பர் பட்டையை) சுழற்றும் டிரைவ் ஷாஃப்ட்டைத் தாங்கும் பேரிங்குக்குக் கிரீஸ் ஏற்றினால் போதுமா, புதுசு மாற்றணுமா? கிரீஸ் ஏற்றுவது அதிகச் செலவில்லாத வேலை. பேரிங்கின் ரப்பர் மூடியை (சீல்) மெல்லிய ஊசியால் நெம்பி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டு, தண்ணீர் தாங்கும் புதியதை அடைக்கலாம். ஆனால் பனிநீர் ஏற்கெனவே உள்ளே போய்க் குண்டுகளில் துரு பிடித்திருந்தால் கிரீஸ் சத்தத்தைக் கொஞ்ச நாள் மறைக்கும், அவ்வளவுதான்; அப்புறம் நடுக்காட்டில் பேரிங் உடைந்து ஷாஃப்ட்டையும் தின்றுவிடும்.

பல வண்டிகளில் இருப்பது 6205 என்ற எண்ணுள்ள சாதாரண பேரிங்தான், உள்விட்டம் 25 மி.மீ., வெளிவிட்டம் 52. பேரிங் கடைகளிலேயே கிடைக்கும். இன்ஜினின் சுழற்சியைக் கடத்தும் பெல்ட்டைக் கழற்றி, பின்பக்கத்தைத் தூக்கி, டிராக்கைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சத்தமில்லை என்றால் சரி, கிரீஸ் போதும். கரகரவென்றால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள், வெளிவளையத்தில் சுத்தியலால் அடித்தால் புது பேரிங்கும் அன்றைக்கே கெட்டுப்போகும்.