வெள்ளைச் சட்டைக்காரர்களே, இந்த சன்ஸ்கிரீன் ஜெல்லை வாங்குமுன்

எஸ்பிஎஃப் 50, பிஏ++++ என்று வெயில் காப்பு அளவு போட்ட ஜெல் விலை குறைந்திருக்கிறதே, இப்போது வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். நெடுநாளாகப் புழங்கும் சரக்கு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிராண்ட் பெயர் வேண்டாம். இந்த வகை ஜெல்களில் பலவற்றுக்கும் இதே குணம்தான்.

முகத்தில் இதன் வேலையில் பழுது சொல்ல முடியாது. துத்தநாக ஆக்ஸைடு கிரீம்கள் மாநிறத் தோலில் திருநீறு பூசினாற்போல் நிற்கும். இது ஒரு நிமிஷத்தில் மறைந்துவிடும். சில நேரம் திரித்திரியாக உருண்டு வரும். பெரும்பாலும் அடியில் போட்ட மாய்ச்சரைசர் காயாததுதான் காரணம். பத்து நிமிஷம் விட்டு, தேய்க்காமல் ஒற்றிப் போட்டால் வராது. வியர்வையோடு கண்ணுக்குள் இறங்கினால் எரியும், அதனால் இமையில் போடாதீர்கள்.

என் கோபமெல்லாம் சட்டைக் காலரில்தான். கழுத்தில் பூசிய ஜெல் காலரில் ஒட்டும்போது ஒன்றும் தெரியாது. துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் ஆரஞ்சு கலந்த மஞ்சளில் துருக்கறை எழும்பும். சோப்பு சரியில்லை என்று சோப்பை மாற்றிப் பயனில்லை. ஜெல்லில் உள்ள அவோபென்சோன் என்ற வெயில் தடுப்பு ரசாயனம், தண்ணீரில் உள்ள இரும்போடு சேர்ந்து நிறம் கொடுக்கிறது. போர் தண்ணீரில், அதாவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் துவைக்கும் வீடுகளில்தான் இந்தத் தொல்லை அதிகம். பிடித்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் ராத்திரி வாளியில் நின்று காலையில் மஞ்சளித்தால், குளியலறை டைல்ஸில் பழுப்புக் கறை படிந்தால், உங்கள் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கறையைப் பார்த்ததும் கை பிளீச்சுக்குத்தான் போகும். போகவே கூடாது. குளோரின் பிளீச் பட்டால் கறை இன்னும் அழுத்தமாகும். செய்ய வேண்டியது வேறு. சட்டையை நனைக்கும் முன்பே காலரில் பாத்திரம் கழுவும் திரவத்தைச் சில சொட்டு விட்டுத் தேய்த்து எண்ணெய்ப்பசையை எடுங்கள். கறை வந்துவிட்டதென்றால் எலுமிச்சைச் சாறோ, வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்த சிட்ரிக் ஆசிடோ போட்டு அரை மணி நேரம் ஊறவிட்டு அலசுங்கள். கலர் சட்டையென்றால் முதலில் உள்மடிப்பில் சோதித்துப் பாருங்கள். கறை போகும்வரை இஸ்திரி போடாதீர்கள். ஏற்கெனவே பிளீச் போட்டிருந்தால் நன்றாக அலசிய பிறகே ஆசிட் பக்கம் போக வேண்டும். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆபத்து.

டப்பாவின் முன்பக்கத்தில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. பின்பக்கப் பொடி எழுத்தில் ‘பியூட்டைல் மெத்தாக்ஸிடைபென்சாயில்மீத்தேன்’ என்று நீளமாக ஒன்று இருக்கும். அவோபென்சோனுக்கு லேபிளில் போடும் பெயர் அதுதான். இத்தனைக்கும் புறஊதா ஏ கதிரைத் தடுப்பதில் அது கெட்டிக்காரச் சரக்கு. வெயில் பட்டால் தானே சிதையும் என்பதால்தான் ஆக்டோகிரிலீன் போன்ற துணை சேர்க்கிறார்கள். கறை கொடுப்பதால் அது மட்டமான சரக்கு என்று சொன்னால் நியாயமாகாது.

விலைக் குறைப்பையும் கொஞ்சம் கணக்குப் பாருங்கள். எஸ்பிஎஃப் எண்ணைச் சோதிக்கும்போது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் பூசுவார்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அந்த அளவு வேண்டுமென்றால், ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனிவரை நீளமாகப் பிதுக்க வேண்டும். பட்டாணி அளவு தொட்டு வைத்தால் 50 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஒரு தடவைக்கு ஒரு கிராமுக்குக் குறையாமல் போகும். 50 கிராம் டியூப் தினம் ஒரு வேளைக்கே ஐம்பது நாள் தாண்டாது. வெயிலில் அலைகிறவர் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசினால் இரண்டு வாரம் வந்தாலே பெரிது. டியூபை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் ஜெல் பிரிந்து தண்ணீர் தனியாக வரும். அதைக் குலுக்கிப் பூசினாலும் ஒரே சீராகப் படியாது.

இப்படி மெச்சிவிட்டு வாங்காதே என்பதா என்று கேட்டால், ஆமாம். காலர் வைத்த வெளிர்நிறச் சட்டையும் போர் தண்ணீரும் உள்ள வீடென்றால், விலை பாதியானாலும் வேண்டாம். நிறம் சேர்த்த துத்தநாக ஆக்ஸைடு கிரீம் எடுங்கள். அதுவும் காலரில் ஒட்டும், ஆனால் பெரும்பாலும் சோப்புக்குப் போகும். மெட்ரோ குழாய்த் தண்ணீரில் துவைக்கிறவர்களும் டி-ஷர்ட் ஆட்களும் தாராளமாக இந்த ஜெல்லை வாங்கலாம்.