பேஸ் கிட்டாருக்குக் கம்பி மாற்றக் கொடுக்கிறீர்களா? பாக்கெட்டைப் பிரிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்

புதுச்சேரியில் ஓர் இசைக்கருவிக் கடையில் இரண்டு பேஸ் கிட்டார்களுக்குக் கம்பி மாற்றக் கொடுத்து, இரண்டிலும் ஏமாந்தோம். கடையின் பெயர் இங்கே வேண்டாம். என்ன செய்தார்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பது மட்டும் போதும். கடலூர், விழுப்புரம் பக்கத்திலிருந்து கம்பி வாங்க புதுச்சேரிக்கு வருகிறவர்களுக்கும் உதவும்.

முதல் பேஸ் சர்ச் பாடகர் குழுவுடையது, 34 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). கேட்டது ஃப்ளாட்வுண்ட் (தட்டை நாடா சுற்றிய வழவழப்பான கம்பி), 34 இன்ச்சுக்கான லாங் ஸ்கேல், தடிமன் 45-65-85-105 (இன்ச்சில் ஆயிரத்தில் இத்தனை பங்கு). பில்லிலும் அப்படியே எழுதியிருந்தது. கைக்கு வந்தபோது ஈ கம்பியை (நான்கில் மிகத் தடித்தது) ஓப்பனாக அடித்தால் கரகரப்பு, மூன்றாவது ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தினால் சுருதி விலகல். கேட்டதற்கு, "ஃப்ளாட்வுண்ட் அப்படித்தான் தம்பி இருக்கும், போகப் போகப் பழகிடும்" என்றார்கள்.

பழகாது. மாட்டியிருந்தது இன்னும் குட்டையான பேஸுக்கான மீடியம் ஸ்கேல் செட். கம்பியின் ஒரு முனையில் உருண்டை, மறு முனையில் நூல் சுற்று. இரண்டுக்கும் நடுவே இருக்கும் முழுத் தடிமன்தான் கணக்கு. அது நட்டை (கழுத்தின் முனையில் கம்பி உட்காரும் பள்ளங்கள் உள்ள பட்டை) தாண்டி, கம்பியை முறுக்கும் ட்யூனர் பக்கம் போய் முடிய வேண்டும். 34 இன்ச் பேஸில் உருண்டை உட்காரும் இடம், உடல் பக்கம் கம்பியைத் தாங்கும் சேடிலுக்குப் பின்னால் இருப்பதால், அங்கிருந்து நட் வரை 35 இன்ச்சுக்கு மேல் வரும். மீடியம் ஸ்கேல் கம்பியில் அந்தத் தடிமன் நட்டை எட்டுவதற்குள் முடிந்துவிடும். பிறகு மெலிந்த பாகம் நட்டில் உட்காரும். 105 கம்பிக்கு வெட்டிய பள்ளத்தில் அது ஆடும், தாழ்ந்து போய் முதல் ஃப்ரெட்டை உரசும். நட்டுக்கு முன்னாலேயே நூல் நிறம் தெரிந்தால் வேறு சோதனையே வேண்டாம்.

இதை மறைக்கக் கடையில் செய்த வேலை இன்னும் மோசம். நட் பள்ளத்தில் சூப்பர் க்ளூவையும் சமையல் சோடாவையும் போட்டு உயர்த்தியிருந்தார்கள். தேய்ந்த பள்ளத்தைச் சரிசெய்ய அது தெரிந்த வழிதான், தப்பில்லை. ஆனால் தப்பான கம்பிக்கு ஏற்றபடி பள்ளத்தை மாற்றியதால், சரியான கம்பி வந்தபோது அதில் உட்காரவில்லை. நட்டையே மாற்ற வேண்டியதாயிற்று.

இரண்டாவது பேஸ் மெல்லிசைக் குழுவுடையது. கேட்டது நிக்கல் ரவுண்ட்வுண்ட் (உருண்டைக் கம்பி சுற்றியது), பிரபல கம்பெனி. காலி பாக்கெட்டைக்கூட கையில் கொடுத்தார்கள். கம்பி மட்டும் அதிலிருந்து வந்ததல்ல; யாரோ கழற்றிப் போட்ட பழைய செட்டைக் கொதிநீரில் போட்டு எடுத்து மாட்டியிருந்தார்கள். கொதிக்க வைத்தால் சுற்றுகளின் இடுக்கில் இருக்கும் எண்ணெயும் அழுக்கும் வெளியேறும், சில நாள் பளிச்சென்று ஒலிக்கும். அதனால்தான் கடையில் வாசித்துப் பார்த்தபோது சந்தேகம் வரவில்லை. பிறகு உள்ளே தங்கிய ஈரம் துரு பிடிக்க வைக்கும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம்.

பழைய கம்பியின் ரேகை அடிப்பக்கத்தில் இருக்கும். தளர்த்தித் திருப்பி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஃப்ரெட் பட்ட இடங்களில் சின்னச் சின்னத் தட்டைத் தழும்புகள் தெரியும். நட் பக்கத்திலிருந்து அளந்தால் தழும்புகளுக்கு இடையே 4.6 செ.மீ., அடுத்து 4.3, அடுத்து 4.1 என்று இடைவெளி குறைந்துகொண்டே வரும். 34 இன்ச் பேஸின் ஃப்ரெட் அளவு அது. தொழிற்சாலையில் அப்படித் தழும்பு விழாது. ட்யூனர் முனையில் ஏற்கெனவே வளைந்து நிமிர்த்திய மடிப்பு இருக்கிறதா, நூல் பிசிறியிருக்கிறதா என்றும் பாருங்கள். வெள்ளைத் துணியால் ஒரு இழுப்பு இழுங்கள். லேசான சாம்பல் நிறம் புதுக் கம்பியிலும் வரலாம், பழுப்பு வரக்கூடாது. இன்னொன்று: பழைய கம்பியில் எடை ஒரே சீராக இருக்காது. 12வது ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கும், அங்கேயே அழுத்தி வாசிக்கும் சுரமும் சுருதி பார்க்கும் கருவியில் ஒத்து வராது. சேடிலை எவ்வளவு நகர்த்தினாலும் ஒரு ஃப்ரெட்டில் சரியாகி இன்னொன்றில் விலகும்.

"எல்லாக் கம்பியும் ஒண்ணுதான்" என்பது விற்பவருக்கு வசதியான பேச்சு. நகத்தால் நீளவாக்கில் இழுத்தாலே வித்தியாசம் தெரியும். ரவுண்ட்வுண்ட் சரசரக்கும், ஃப்ளாட்வுண்டில் நகம் கண்ணாடியில் போவது போல வழுக்கும். ரவுண்ட்வுண்டிலேயே மூன்று உலோகம் உண்டு. ஸ்டீல் மூன்றிலும் கூர்மையானது, ஸ்லாப் (கட்டைவிரலால் தட்டி) வாசிப்பவர்களுக்குப் பிடிக்கும், ஃப்ரெட்டையும் விரலையும் தின்னும். நிக்கல் பூசியது அதைவிடக் கொஞ்சம் மிருது, மெல்லிசை மேடைக்கு எல்லாப் பாட்டுக்கும் ஒத்துப்போகும். முழு நிக்கல் இன்னும் தணிந்த ஒலி. ஃப்ளாட்வுண்டில் மேல் அதிர்வுகள் குறைந்து அடிச்சுரம் முன்னால் நிற்கும், விரல் நகரும் சத்தம் மைக்கில் ஏறாது, வருடக்கணக்கில் உழைக்கும். அமெரிக்காவின் மோட்டவுன் இசை நிறுவனப் பாடல்களின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் 52-110 தடிமனில் லா பெல்லா கம்பெனி ஃப்ளாட்வுண்ட் போட்டு, அறுந்தாலொழிய மாற்றாமல் வாசித்தவர். ஆனால் புது ஃப்ளாட்வுண்ட் செத்த ஒலி தராது, அடி தெளிவாகவே இருக்கும். மந்தமாக இருப்பதெல்லாம் ஃப்ளாட்வுண்ட் என்று சொன்னால் நம்பாதீர்கள். ஹாஃப்வுண்ட் இரண்டுக்கும் நடுவில். கறுப்பு நைலான் டேப்வுண்ட் தடிமனானது, நட் பள்ளம் பொருந்துமா என்று பார்க்காமல் வாங்க வேண்டாம்.

மஞ்சள் நிற வெண்கல (ப்ரான்ஸ்) கம்பியை எலெக்ட்ரிக் பேஸுக்குக் கொடுத்தால் உடனே திருப்பிக் கொடுங்கள். அது அகூஸ்டிக் பேஸுக்கானது. வெண்கலத்தைக் காந்தம் பிடிக்காது, உள்ளே இருக்கும் ஸ்டீல் மட்டுமே, காந்தத்தால் கம்பியின் அதிர்வை எடுக்கும் பிக்கப்புக்குத் தெரியும். ஆம்பை எவ்வளவு ஏற்றினாலும் சத்தம் சோர்ந்தே வரும்.

கொடுக்கும்போது கிட்டாரின் நட்டையும் பழைய கம்பிகளையும் போட்டோ எடுங்கள். பாக்கெட் உங்கள் கண் முன்னால் பிரிய வேண்டும். டடாரியோ கம்பெனிக் கம்பி வாங்கினால் உள்ளே இருக்கும் குறியீட்டு எண்ணை அவர்கள் தளத்தில் பதிந்து அசலா என்று பார்க்கலாம், ஏற்கெனவே பதிந்த எண் என்றால் கதை புரிந்துவிடும். டிஜிட்டல் காலிப்பர் வைத்திருந்தால் 105 கம்பி 2.67 மி.மீ., 45 கம்பி 1.14 மி.மீ. காட்ட வேண்டும். கம்பியை வெட்டுமுன் வெட்டும் இடத்துக்குச் சற்று முன்னால் 90 டிகிரி மடக்கச் சொல்லுங்கள். மடக்காமல் வெட்டினால் மேல் சுற்று உள் கம்பியை விட்டுக் கழன்று, நல்ல கம்பியே செத்துவிடும். ட்யூனரில் கம்பி சுற்றும் போஸ்ட்டைத் தாண்டி 10 முதல் 12 செ.மீ. விட்டு வெட்டினால் இரண்டு மூன்று சுற்று கீழ்நோக்கி அழகாக இறங்கும்.

கம்பியின் இழுவிசை கூடினால் கழுத்து முன்னால் வளையும், கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் உள்ள இடைவெளியான ஆக்‌ஷன் உயரும். கழுத்துக்குள் அதன் வளைவைத் திருகிச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைத் தொட்டார்களா என்று கேளுங்கள், ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது, எட்டாவது ஃப்ரெட்டில் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.3 மி.மீ. போல, இடைவெளி இருந்தால் போதும்.

பணத்தைக் கேட்டபோது, 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று பில்லில் அச்சடித்த வரியைக் காட்டினார்கள். அது செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் கால வரம்பு இல்லையென்றால் 30 நாளுக்குள் குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில் கொடுக்காமல் இருப்பதும் முறையற்ற வணிகம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரை கட்டிய பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. பில்லில் ஸ்கேல், வகை, தடிமன் மூன்றும் எழுதி வாங்கியிருந்தால் புகார் வலுவாக நிற்கும். தழும்பின் பக்கத்தில் அளவுகோலை வைத்து எடுத்த போட்டோவையும் சேர்த்து அனுப்புங்கள்.