நாணயப் பிழைகளைச் சோதிக்கும் கருவிப் பெட்டி: தராசு தேறியது, லென்ஸ் தேறவில்லை

புழங்கிய நாணயத்தில் காணும் குறை நாணயச் சாலையிலேயே நேர்ந்த பிழையா, வெளியே வந்தபின் பட்ட சேதமா என்று பிரித்தறிய விரும்புவோருக்காக, 10 மடங்கு லென்ஸ், 0.01 கிராம் வரை காட்டும் சிறு தராசு, விட்டமும் தடிமனும் அளக்கும் பிளாஸ்டிக் வெர்னியர் காலிப்பர், ஆங்கிலக் கையேடு ஆகியவற்றை ஒரே பெட்டியில் விற்கிறார்கள். விலை 850 ரூபாய். தராசுக்காக மட்டுமே இதை வாங்கலாம் என்பது என் கருத்து.

விளிம்பில் பிறை வடிவில் குறைந்திருந்த பழைய செம்பு-நிக்கல் ஐந்து ரூபாயை வைத்தபோது தராசு 8.62 கிராம் காட்டியது. உரிய எடை 9 கிராம். ஆனால், வெட்டினாலும் எடை குறையும் என்பதால் எடை மட்டும் சான்றாகாது. உலோகத் தகட்டிலிருந்து, பின்னர் நாணயமாக அடிக்கப்படும் வட்ட வில்லையை வெட்டும்போதே குறை நேர்ந்திருந்தால், விளிம்பை உயர்த்தும் எந்திரத்தில் அந்த இடத்துக்கு நேரெதிரே போதிய அழுத்தம் விழாமல், எதிர்ப்பக்க விளிம்பு மழுங்கிவிடும். இந்த நாணயத்தில் அந்த மழுங்கல் தெளிவாக இருந்தது. அரத்தால் ராவிய நாணயத்தில் எதிர் விளிம்பு முழுமையாக நிற்கும். ராவிய இடத்தில் கீறல்களும் தெரியும்.

அமிலத்தில் ஊறவைத்து மெலிந்த நாணயத்தை 'மெல்லிய வில்லைப் பிழை' என்று விற்பவர்களிடமும் இந்தத் தராசு பயன்படும். எடை குறைந்திருப்பதோடு எழுத்துகளும் கரைந்து, மேற்பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அதை வாங்க வேண்டாம்.

லென்ஸில் நடுப்பகுதி மட்டுமே தெளிவு. எந்த நாணயச் சாலையில் அடித்தது என்று காட்ட ஆண்டுக்குக் கீழுள்ள குறிகளான மும்பையின் வைரத்தையும் ஹைதராபாத்தின் நட்சத்திரத்தையும் நொய்டாவின் புள்ளியையும் பார்க்க அது போதும். எழுத்து இரட்டித்திருப்பது நாணயத்தில் உருவத்தைப் பதிக்கும் அச்சிலேயே இருந்த பிழையா, அடிக்கும்போது அச்சு நகர்ந்ததால் உண்டான தட்டையான படியா என்று தீர்மானிக்கப் போதாது.

கையேடுதான் பெரிய ஏமாற்றம். அது அமெரிக்க நாணயங்களை மட்டுமே மனத்தில் கொண்டு, நாணயத்தை மேலிருந்து கீழாகப் புரட்டினால் மறுபக்கம் நேராக நிற்க வேண்டும் என்கிறது. நம் நாணயங்களையோ இடமிருந்து வலமாகத் திருப்பினால்தான் மறுபக்கம் நேராக நிற்கும். கையேட்டை நம்பும் புதியவர், பையிலுள்ள ஒவ்வொரு ரூபாயையும் அச்சு சுழன்ற அரிய பிழை என்றே எண்ணுவார். இந்தியாவில் விற்கும் பெட்டியில் இதைத் திருத்தாமல் விட்டிருக்கக் கூடாது.

காலிப்பர் பரவாயில்லை. லென்ஸை மட்டும் தனியாக, மூன்று கண்ணாடிகள் இணைந்த 10 மடங்கு வகையில் வாங்கிக்கொள்ளுங்கள்.