குழுவுக்குப் பரிசு: மூன்று முறைகள், எது தேவலை?

"ஒருத்தன் பேசினா பெஞ்சுக்கே இன்டர்வெல் கிடையாது." குழுவாகத் தண்டிப்பது நமக்குப் பழகியதுதான். குழுவாகப் பரிசு கொடுத்தால் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்களா? அமெரிக்க வகுப்பறைகளில் பிறந்த மூன்று முறைகளை வைத்துப் பார்ப்போம்.

முதலாவது, நன்னடத்தை விளையாட்டு. 1969இல் வெளிவந்தது, கான்சாஸில் ஒரு நாலாம் வகுப்பில் செய்து பார்த்தது. வகுப்பை இரண்டு அணியாகப் பிரித்து, யாராவது கேட்காமல் எழுந்தாலோ பேசினாலோ அவர்கள் அணிக்குப் பலகையில் ஒரு கோடு போட்டார்கள். கோடு குறைந்த அணிக்குச் சாப்பாட்டு வரிசையில் முதலிடம் போன்ற சலுகைகள். இரண்டு அணியுமே வரம்புக்குள் இருந்தால் இரண்டுக்கும் வெற்றி. சத்தம் நன்றாகவே குறைந்தது. ஆனால் பக்கத்துப் பையனை "வாயை மூடுடா" என்று அதட்டுவதை ஒத்துழைப்பு என்று எப்படிச் சொல்வது? அந்த வகுப்பிலேயே அடங்காத இருவரை அணியிலிருந்து பிரித்துவைக்க நேர்ந்தது.

இரண்டாவது, உளவியலாளர் எலியட் ஆரன்சனின் ஜிக்சா (துண்டுகளைச் சேர்த்துப் படமாக்கும் புதிர்) முறை. 1971, டெக்சாஸின் ஆஸ்டின். வெள்ளை, கறுப்பு, ஹிஸ்பானிக் பிள்ளைகள் புதிதாக ஒரே வகுப்பில் உட்கார்ந்து, முறைத்துக்கொண்டிருந்த நேரம். பாடத்தைத் துண்டுபோட்டு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மற்றவன் துண்டைக் காதுகொடுத்துக் கேட்காவிட்டால் பரீட்சையில் நமக்குத்தான் நஷ்டம். இங்கே பரிசே கிடையாது. வரலாறு, அறிவியலுக்கு அருமையாகப் பொருந்தும். முந்தின படி புரியாமல் அடுத்த படிக்குப் போக முடியாத பின்னக் கணக்கை எப்படித் துண்டுபோடுவது?

என் ஓட்டு மூன்றாவதற்கு: ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் ஸ்லேவின் வளர்த்த முறை. நாலைந்து பேர் சேர்ந்து படிப்பார்கள். தேர்வைத் தனித்தனியாக எழுதுவார்கள். குழுவுக்குச் சேர்வது மதிப்பெண் அல்ல, முன்னேற்றம். வழக்கமாக 45 வாங்குகிறவன் 58 வாங்கினால் குழுவுக்கு 30 புள்ளி. 90 வாங்குகிறவள் 92 வாங்கினால் 20தான். (முழு மதிப்பெண் எடுத்தால் யாருக்கும் 30.) ஆக, கடைசி பெஞ்சுக்காரன்தான் குழுவின் துருப்புச்சீட்டு, அவனுக்குச் சொல்லிக்கொடுக்க மற்றவர்கள் தாமாக உட்காருவார்கள். அளவைத் தொட்ட எல்லாக் குழுவுக்கும் சான்றிதழ் உண்டு, யாரையும் தோற்கடிக்க வேண்டியதில்லை. ஒருவனே எல்லாம் செய்ய மற்றவர்கள் ஓசியில் பரிசு வாங்கும் புராஜெக்ட் வேலைக் கூத்தும் இதில் நடக்காது.

தொல்லை கணக்கு வைப்பதில்தான். ஒவ்வொரு தேர்வுக்கும் ஒவ்வொருவரின் வழக்கமான மதிப்பெண்ணோடு ஒப்பிட்டுப் புள்ளி போட வேண்டும். ஐம்பது பேர் வகுப்பில் டீச்சருக்கு மூச்சுமுட்டும். வாரம் ஒரு சின்னத் தேர்வு, அதுவும் ஒரே பாடத்துக்கு என்று தொடங்கினால் சமாளிக்கலாம். ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை குழுவைக் கலைத்து மாற்றிவிடவும் வேண்டும்.