பழைய டிரெஸ் பின்னுக்கு வயசு பாக்க பிஏஎஸ் டேட்டாபேஸ் – யூஸ் பண்ணவனோட ரிவ்யூ

பிரிட்டிஷ் மியூசியம் பாத்துக்கிற போர்ட்டபிள் ஆன்டிக்விட்டீஸ் ஸ்கீம், சுருக்கமா பிஏஎஸ். இங்கிலாந்து, வேல்ஸ்ல மெட்டல் டிடெக்டர் வச்சு வயல்ல தேடுறவங்க கைல சிக்குற சாமானையெல்லாம் போட்டோ எடுத்து, அளந்து, எடை போட்டு பதிஞ்சு வைக்கிற வேலை, 1997ல சின்னதா ஆரம்பிச்சது, இப்ப பத்து லட்சத்துக்கும் மேல பொருள் ஏறியாச்சு. பாக்க காசு கிடையாது, லாகினும் வேணாம். நான் அங்க போறது பெரும்பாலும் ஒரே விஷயத்துக்குத்தான்: அந்தக் காலத்து ஆளுங்க போர்வையையும் தலைத்துணியையும் குத்தி வச்ச உலோக பின்னு.

முதல்ல ஒண்ணு, பீரியட்ல 'ஆங்கிலோ-சாக்ஸன்', 'வைக்கிங்'னு தேடாதீங்க, அங்க 410லேருந்து 1066 வரைக்கும் மொத்தமா 'ஏர்லி மெடீவல்' (இடைக்காலத்தோட முதல் பகுதி) தான். அதப் போட்டு பின்னுன்னு தேடுனா வந்து கொட்டும், முக்காவாசி செம்புக் கலவை.

அடையாளம் கண்டுபிடிக்க இத அடிச்சுக்க ஆளில்லைங்க. தலைய பாருங்க, அப்புறம் தண்டு. பகடைக்காயோட எட்டு மூலையையும் சீவி விட்ட மாதிரி தலை இருந்து, பட்டைல வட்டமும் நடுவுல புள்ளியும் குத்தியிருந்தா, இல்ல உருண்டைத் தலையா இருந்து அதுக்குக் கீழ கழுத்துல ஒரு வளையம் ஓடுனா, தண்டு பாதிக்குக் கீழ லேசா புடைச்சிருந்தா (துணியிலேருந்து நழுவாம இருக்கத்தான் அந்தப் புடைப்பு), அது அனேகமா 700–900 காலத்து சரக்கு. தலைல மெல்லிய கம்பிய சுத்தி உருட்டி வச்சிருந்தா அது ரொம்பப் பிந்தினது, டியூடர் ராஜாக்கள் காலத்துக்கு (1500கள் வாக்குல) பக்கத்துல வரும். ரோமன் காலத்து கொண்டை ஊசியிலயும் இதே மாதிரி தலை உண்டு, அதனால ஒரு போட்டோவ பாத்துட்டு தீர்ப்பு சொல்லாம இருபது முப்பது ரெக்கார்டையாவது பக்கத்துல வச்சுப் பாருங்க, கண்ணு தானா பழகிடும்.

ஆனா வயசு விஷயத்துல கொஞ்சம் உஷாரா இருக்கணும். ரெக்கார்டுல 700லேருந்து 900ன்னு இருநூறு வருசத்த அகலமா போட்டிருப்பாங்க, என்னடா இதுன்னு தோணும். உழுத மண்ணு கலைஞ்சு போனதால அங்க கிடைச்ச பின்னுக்கு வயசு சொல்ற மண் அடுக்கு கிடையாது, கூட கிடைச்ச காசு, பானை ஓடு எதுவும் கிடையாது. அந்தத் தேதி எல்லாம் முறையா தோண்டுன ஊருங்கள்லேருந்து, சவுத்தாம்ப்டன் பக்கம் ஹாம்விக், லிங்கன்ஷயர்ல ஃபிளிக்ஸ்பரோ மாதிரி எடங்கள்லேருந்து கடன் வாங்குனது. அதனால அந்த அகலம்தான் நேர்மை. ஆன்லைன்ல விக்கிற சைட்டுங்கள்ல இதே பின்ன 'வைக்கிங், 9ஆம் நூற்றாண்டு'ன்னு ஒரே போடா போட்டு வித்துட்டிருப்பாங்க, வைக்கிங்னு சொன்னா விலை ஏறும்ல.

ரெக்கார்டுக்கு ரெக்கார்டு தரம் மாறும். 'இன்னும் சரிபாக்கல'ன்னு இருக்கறத நம்பி முடிவெடுக்காதீங்க. கிடைச்ச எடத்த துல்லியமா காட்ட மாட்டாங்க, ராத்திரில போய் தோண்டுற திருட்டுப் பசங்களுக்கு பயந்துதான், நியாயம்தான்.

இன்னொண்ணு, அயர்லாந்தும் ஸ்காட்லாந்தும் இதுல வராது. தலைல வளையம் மாட்டுன பின்னு தான் உங்க இன்ட்ரஸ்ட்னா இங்கிலாந்துல கிடைச்ச கொஞ்சம்தான் மாட்டும், அதுக்கு ஊரு டப்ளின். அங்க வுட் கீ, ஃபிஷாம்பிள் தெரு பக்கம் அடுக்கடுக்கா தோண்டி எடுத்ததால எந்த வடிவம் முந்தி, எது பிந்தின்னு வரிசை கட்டவே முடிஞ்சுது. அயர்லாந்து தேசிய மியூசியம் கில்டேர் தெருவுல இருக்கு, உள்ள போக ஃப்ரீ. இந்த வகைல ஒரு வெண்கல பின்னு 1968ல கனடாவோட நியூஃபவுண்ட்லேண்ட்ல, லான்ஸ் ஓ மெடோஸ்ல கிடைச்சு, அங்க நார்ஸ் ஆளுங்க (வைக்கிங் காலத்து ஸ்காண்டிநேவியக்காரங்க) இருந்தாங்கங்கறதுக்கு சாட்சி சொல்லுச்சு. ஒரு சின்ன ஊசி, அட்லாண்டிக் தாண்டி!

என் மார்க்: அடையாளம் பாக்க 5க்கு 5, வயசு பாக்க மட்டும்னா 3.

நீங்களே அங்க ஏதாவது கண்டெடுத்தா அந்தந்த கவுன்ட்டில இருக்கிற ஃபைண்ட்ஸ் லியேசான் ஆபீசர்கிட்ட (பிஏஎஸ்க்காக பொருளப் பதியுற அதிகாரி) காட்டுங்க, பதிஞ்சிட்டு திருப்பித் தந்துடுவாங்க, விலை மட்டும் கேக்காதீங்க, சொல்ல மாட்டாங்க. வெள்ளியோ தங்கமோ எடைல 10 சதவீதமாவது இருந்து, 300 வருசத்துக்கு மேல பழசுன்னா 1996 டிரெஷர் ஆக்ட்ல (புதையல் சட்டம்) வரும், 14 நாளைக்குள்ள கரோனருக்கு (புதையல விசாரிக்கிற அதிகாரி) தகவல் போகணும், அதுக்கும் அந்த ஆபீசரே வழி சொல்லுவாரு.