ஏர்லிஊம்: நினைவகம் தீரும் வேளைக்கு ஒரு காவல்

பரந்தனில் உள்ள எங்கள் அரிசி ஆலையின் கணக்குக் கணினியில் இருப்பது 4 ஜிபி நினைவகம்தான். காலபோக அறுவடை நாளொன்றில், உலாவியில் பல பக்கங்கள் திறந்திருந்த வேளையில் நினைவகம் தீர்ந்து, சுட்டி அசையாமல் நின்று, இறுதியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கேர்னல், எங்கள் கணக்குகளைச் சேமிக்கும் மரியாடிபி தரவுத்தளத்தையே நிறுத்திவிட்டதால், உழவு இயந்திரங்களில் நெல் மூடைகளுடன் வந்தவர்கள் பற்றுச்சீட்டுக்காக வெயிலில் காத்து நின்றார்கள்.

அதன் பின் நிறுவிய ஏர்லிஊம் என்ற இலவச மென்பொருளை முழுமனதுடன் பரிந்துரைக்கிறேன். கிடைக்கக்கூடிய நினைவகமும், நினைவகம் போதாதபோது பயன்படும் வட்டு இடமான ஸ்வொப்பும் 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும், அதிக இடம் பிடித்த நிரலை ஒழுங்காக மூடிக்கொள்ளுமாறு அது கேட்கிறது. இரண்டும் 5 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனடியாக நிறுத்துகிறது. காப்பாற்ற வேண்டிய நிரல்களின் பெயர்களை அமைப்புக் கோப்பில் குறிக்கலாம். ஆயினும் அது அவற்றை இயன்றவரை தவிர்க்கச் சொல்லும் முன்னுரிமை மட்டுமே என்பதால், தரவுத்தளத்தின் சேவைக் கோப்பில் ஊம் ஸ்கோர் திருத்தத்தை (நினைவகம் தீரும்போது எந்த நிரலை நிறுத்துவது என்பதைத் தீர்மானிக்க உதவும் எண்ணை) −1000 என வைத்தேன். அவ்வாறு குறித்ததைக் கேர்னலும் ஏர்லிஊமும் தொடுவதில்லை. தரவுத்தளமே அளவுமீறிப் பெருத்தால் இது ஆபத்தாகும். ஆகவே அது தரவைத் தற்காலிகமாக வைத்திருக்க நினைவகத்தில் எடுக்கும் இடையக அளவையும் குறைத்தேன்.

குறை ஒன்றுண்டு: திரை அறிவிப்பை நாமே இயக்காவிட்டால், உலாவி ஏன் மறைந்தது என்று பணியாளருக்குத் தெரியாது.