கோசோவில் 80 நாள்: கடல் தெரியாத வீட்டிலிருந்து

ஜூன் 6 முதல் ஆகஸ்ட் 24 வரை, மத்தியதரைக் கடல் நாடான மால்டாவின் கோசோத் தீவில் தங்கியிருந்தேன். ஒரு வேலையை விட்டாயிற்று, அடுத்ததில் செப்டம்பரில்தான் சேர வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் 180 நாளுக்குள் 90 நாள் இருக்கலாம். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் அந்தக் கணக்கில் சேரும் என்பதால் பத்து நாளைக் கையிருப்பாக வைத்துக்கொண்டேன். ஒரு வாரம் தங்கிவிட்டு எழுதியவர்களின் குறிப்புகளைப் படித்துவிட்டுத்தான் போனேன். அவற்றில் பாதி எனக்கு ஒத்துவரவில்லை.

முதலில் வீடு. எல்லோரும் ஷ்லெண்டியிலோ மார்சல்ஃபோர்னிலோ கடலைப் பார்த்த அறை எடுக்கச் சொன்னார்கள். நான் மேட்டுநிலத்தில் இருக்கும் ஷாரா கிராமத்தில், சந்துக்குள் ஒரு பழைய கல்வீடு எடுத்தேன். மொட்டைமாடியில் ஏறினால்கூடத் தேவாலயக் குவிமாடம்தான் தெரியும். தீவே 14 கிலோமீட்டர் நீளம், 7 கிலோமீட்டர் அகலம்தான். எங்கே இருந்தாலும் கடல் பக்கம். கடலோர ஊர்கள் ஜூலை பிறந்ததும் இரவு ஒரு மணி வரை தூங்குவதில்லை. நான் தூங்கினேன்.

அந்த மஞ்சள் சுண்ணாம்புக்கல் சுவரைப் பற்றி ஒரு வாரம் தங்கியவர்களால் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஜூனில் உள்ளே நுழைந்தால் கிணற்றுக்குள் இறங்கியது போலக் குளிர்ச்சி, ஃபேன்கூடப் போடவில்லை. ஜூலை நடுவில் அது குறைந்தது. ஆகஸ்டில் இரவு பதினொரு மணிக்குச் சுவரில் கை வைத்தால் தோசைக்கல்லை இறக்கிக் கொஞ்ச நேரம் ஆனது போல வெதுவெதுப்பு. இரண்டு மாத வெயிலைக் குடித்த கல் அதை ராத்திரியில் திருப்பித் தருகிறது. தென்கிழக்கிலிருந்து ஷ்லோக் என்கிற காற்று வீசும் நாளில் புழுக்கமும் சேர்ந்துகொள்ளும். ஆக, ஏசி தேவைப்பட்டது. அங்கேதான் மாட்டினேன். 'மின்சாரம் வாடகையில் அடக்கம்' என்று சொன்ன வீட்டுக்காரர், அதற்கு ஓர் அளவு உண்டு என்பதை ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்திருந்தார். ஆகஸ்டில் 140 யூரோ தனியாகக் கட்டினேன். படிக்காதது என் தப்பு, சரி. போகிறவர்கள் முதல் நாளே மீட்டரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்றபடி வசதிக்குக் குறையில்லை. ஆங்கிலம் அரசு மொழிகளில் ஒன்று, சாலையில் இடப்பக்கம் போகலாம், பிளக் பிரிட்டிஷ் மூன்று கால். 1964 வரை பிரிட்டன் ஆண்ட மிச்சம் இதெல்லாம். பேருந்துகள் பெரும்பாலும் விக்டோரியா நகரில் இருந்துதான் கிளம்புகின்றன. உள்ளூர்க்காரர்கள் அதை ரபாத் என்பார்கள். பக்கத்து ஊருக்குப் போகவும் அங்கே போய் மாறித்தான் ஆக வேண்டும். அவசரம் இல்லாதவருக்கு அது போதும். குழாய்த் தண்ணீரில் பாதிக்கு மேல் கடல்நீரை உப்பு நீக்கி எடுப்பது. குடிக்கலாம், ஆனால் டீ ருசிக்காது. அப்புறம் பாட்டில் வாங்கினேன். ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 சென்ட் முன்பணம். காலி பாட்டிலை இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும், இயந்திரம் நிரம்பி வழியாத நாளாக இருந்தால்.

இரண்டாம் வாரத்துக்குள் நாள் தானாக ஒரு வடிவத்துக்கு வந்தது. விடியும்போது கிளம்பி ராம்லா கடற்கரைக்கு இறங்குவேன். மணல் செம்மண் கலந்தது போல இருக்கும். வடமேற்கிலிருந்து மஜ்ஜிஸ்த்ரால் என்கிற காற்று அடித்தால் அங்கே அலையும் ஜெல்லி மீனும் வரும், அன்றைக்குத் தெற்குக் கரைக்குப் போய்விட வேண்டும். இதை முழங்காலில் ஒரு சூடு வாங்கிய பிறகே கற்றேன். திரும்பும் வழியில் ரொட்டிக்கடை. உருளைக்கிழங்கைச் சீவி அடுக்கி, ஆட்டுப்பாலில் செய்யும் ஜ்பெய்னா பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட கோசோ ஃப்தீரா ஒன்று வாங்கினால் இரண்டு வேளைக்கு வரும். சைவக்காரர்களுக்கு இதுவும், காய்ந்த அவரையை மசித்துப் பூண்டு சேர்த்த பிகில்லாவும் தான் காப்பு. மதியம் கடைகள் மூடிவிடும். முதல் சில நாள் எரிச்சலாக இருந்தது. பிறகு நானும் மூடிக்கொண்டேன்.

எதிர்வீட்டுப் பாட்டி தெருக்கதவில் சாவியை வெளிப்பக்கமே தொங்க விட்டிருப்பார். ஆஸ்திரேலியாவில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பியவர். கங்காரு சிலை வைத்த வீடுகளும், ஆஸ்திரேலியாவை வாழ்த்தும் பெயர்ப்பலகைகளும் தீவில் நிறைய உண்டு. அத்தனை பேர் போய்த் திரும்பியிருக்கிறார்கள். என்னிடம் ஆங்கிலம்தான் பேசுவார், ஆனால் நடுநடுவே 'மேலா' விழும். நாம் 'சரி', 'அப்போ', 'ஆமாம்' என்று ஆயிரம் தொனியில் இழுக்கிறோமே, அத்தனைக்கும் அவர்களிடம் இந்த ஒரே சொல். மால்டிய மொழி அரபியின் வழிவந்தது, எழுதுவது லத்தீன் எழுத்தில். சூரியன் 'ஷெம்ஷ்', கடல் 'பஹார்'. கிளம்பும்போது சொல்லும் 'சஹ்ஹா'வுக்கு ஆரோக்கியம் என்று பொருள்.

சரித்திரத்தை வரிசையாகப் பார்த்து முடிக்கவில்லை. வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் ஜ்கந்தியா கோயில்கள் இருந்தும் மூன்றாம் வாரம்தான் போனேன். கி.மு. 3600 வாக்கில் தொடங்கியவை, கிஸா பிரமிடுகளுக்கு ஆயிரம் வருடம் மூத்தவை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓர் அரக்கி கல் சுமந்து கட்டினாள் என்பது ஊர்க்கதை.

திரும்பத் திரும்பப் போனது விக்டோரியாவின் சித்தாதெல்லா கோட்டைக்கு. 1551-இல் ஒட்டோமான் தளபதிகள் துர்குத் ரெய்ஸும் சினான் பாஷாவும் இதை முற்றுகையிட்டு, தீவின் ஏறக்குறைய மொத்த மக்களையும், சுமார் 5,000 பேரை, அடிமைகளாகப் பிடித்துப் போனார்கள். அதன் பிறகும் 1637 வரை, இரவானால் மக்கள் கோட்டைக்குள் வந்துதான் படுக்க வேண்டும் என்று சட்டம் இருந்தது. சாயங்காலம் மதில்மேல் உட்கார்ந்து, ஷாராவிலிருந்து பாய் தலையணையோடு ஏறி வருகிறவர்களை நினைத்துக்கொள்வேன். உள்ளே இருக்கும் பேராலயத்துக்குக் குவிமாடம் கட்டவே இல்லை. 1739-இல் தட்டையான கூரையில் ஒரு குவிமாடத்தை வரைந்துவிட்டார்கள். நடுக்கூடத்தில் நின்றால் உண்மையான குடைவு போல ஒளியும் நிழலுமாகத் தெரியும். மூன்று முறை பார்த்தும் ஏமாந்தேன். பக்கவாட்டுக்கு நகர்ந்தால்தான் தூண்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து குட்டு வெளிப்படும்.

ஷ்வெய்னி உப்புப் பாத்திகளை ஒரு நாளில் பார்ப்பதில் பெரிதாக எதுவும் இல்லை. வாரம் ஒருமுறை பார்க்க வேண்டும். பாறையில் வெட்டிய சதுரங்களில் தண்ணீர் வற்றி, ஓரத்தில் வெள்ளை ஏடு கட்டி, பிறகு ஒரு காலையில் வந்தால் பெருக்கிக் குவித்து வைத்திருப்பார்கள். உப்புக் குவியலை மூடிய சாக்கின்மேல் ஒரு பூனை படுத்திருந்தது.

இனி திருவிழா. ரபாத்தில் இரண்டு கோஷ்டி. ஜூலை மூன்றாம் ஞாயிறு புனித ஜார்ஜ் விழா ஒருவருடையது, ஆகஸ்ட் 15 சாந்தா மரியா, அதாவது மரியன்னையின் விண்ணேற்பு விழா, மற்றவருடையது. ஒரே தெருவில் இருவருக்கும் ஆளுக்கொரு ஓப்பரா அரங்கம், அஸ்த்ராவும் அவுரோராவும். அக்டோபரில் போட்டி போட்டு ஓப்பரா போடுகிற ஊர் இது. பாண்டு வாத்தியமும் சிவப்புப் பட்டுத் திரைகளும் அருமைதான். ஆனால் காலை எட்டு மணிக்கே அதிர்வேட்டு. நம் ஊர்த் திருவிழாவில் வளர்ந்த எனக்கே நெஞ்சு குலுங்கியது. சாந்தா மரியா வாரத்தில் பாதி மால்டாவும் இங்கே வந்துவிடும். இம்ஜார் துறைமுகத்தில் கார் வரிசை மலை ஏறி நிற்கும்.

மறுபடி போவேனா? போவேன், மே நடுவில் போய் ஜூலை நடுவில் திரும்பிவிடுவேன். ஷாராவிலேயேதான், வேறு வீட்டில்.

கார்களும் ஏறும் பெரிய படகுக்கு இந்தத் தீவில் ஏறுபவரிடம்தான் காசு. வரும்போது யாரும் கேட்பதில்லை. 24-ஆம் தேதி 4.65 யூரோ கொடுத்து ஏறினேன். பாட்டி தன் வீட்டு மதில் இடுக்கில் பறித்து உப்பில் போட்ட, கேப்பர் என்கிற செடியின் பூமொட்டு ஒரு புட்டி கொடுத்திருந்தார். நாலு உறை சுற்றிப் பெட்டிக்குள் வைத்தும் ஒழுகி, இரண்டு சட்டை வீணாயிற்று. மொட்டு நன்றாக இருக்கிறது, தயிர்சாதத்துக்கு.